பலகையில் மட்டும் இருந்த படித்துறை

2018 சித்திரையில் எங்கள் ஊர் ஊரணிக் கரையில் ஒரு சிமெண்டுப் பலகை வைத்தார்கள். நீல வண்ணம் அடித்து, வெள்ளை எழுத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் முழுப் பெயர், பணியின் எண், மதிப்பீட்டுத் தொகை, மனித நாட்கள், தொடங்கிய தேதி, முடிந்த தேதி எல்லாம் எழுதியிருந்தது. பணியின் பெயர் "ஊரணி தூர்வாருதல் மற்றும் படித்துறை அமைத்தல்". தூர் வாரியது உண்மை, என் மாமியாரே அதில் மண்கூடை சுமந்தார். படித்துறைதான் இல்லை. பெண்கள் குடத்தோடு இறங்கும் இடத்தில் பழைய கருங்கல் நாலு கிடக்கிறது, அதில் ஒன்று காலை வைத்தால் ஆடும்.

ஊருக்குள் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலு மாதம் வரை அதை நின்று படித்ததுகூட இல்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையில்தான் முதன்முதலாக உறுத்தியது.

அது ஊராட்சிகளுக்குத் தலைவர் இல்லாத காலம். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் தள்ளித் தள்ளிப் போய் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட மூன்று வருடமும் தனி அலுவலர் நிர்வாகம். போய்க் கேட்பதற்கு நம் ஆள் என்று ஒருவர் கிடையாது. கிராம சபையில் வரவு செலவை வேகமாக வாசித்தார்கள். "ஊரணிப் பணி முடிவுற்றது" என்று வந்ததும் எங்கள் பெரியத்தை எழுந்து, "படி எங்கப்பா இருக்கு?" என்று கேட்டார். வந்த பதில்: "எல்லாம் சட்டப்படி நடந்திருக்கும்மா. தணிக்கையும் முடிஞ்சிருச்சு. குறை இருந்தா மனுவா எழுதிக் குடுங்க." அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

இது அலுவலகம் சொன்ன கதை. ஊர் வேறொரு கதை சொன்னது. டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும், "அந்தப் பொறுப்பாளர் பொண்ணு தின்னுட்டா" என்றார்கள். பணித்தளப் பொறுப்பாளர் என்றால் வேலை நடக்கும் இடத்தில் வருகை எடுத்து, அளவு கொடுத்து, தண்ணீர் நிழல் பார்க்கிறவர். எங்கள் ஊரில் அந்த வேலையில் இருந்தது காலனிப் பெண், அவள் வீட்டில் முதலில் காலேஜ் படித்தவள். "கம்மல் புதுசா போட்டிருக்கா பார்த்தியா" என்று என் கடையிலேயே உட்கார்ந்து பேசினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவள் மேல் அந்தப் பழி எவ்வளவு சுலபமாக ஒட்டியது, ஏன் ஒட்டியது என்று அப்போது யோசிக்கவே இல்லை.

தாலுகா ஆபீஸ் எதிரே மனு எழுதிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போகாமல் நானே முதல் மனுவை எழுதினேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1) என்று தலைப்பும் போட்டேன். கேட்டது இதுதான்: படித்துறை ஏன் கட்டவில்லை? அந்தப் பணத்தை எடுத்தது யார்? அவர்கள் மேல் நடவடிக்கை எடுப்பீர்களா? கூடவே, பத்து வருடமாக ஊராட்சியில் நடந்த எல்லாப் பணிகளின் எல்லாக் கணக்கும் வேண்டும் என்றும் சேர்த்திருந்தேன்.

இருபத்தொன்பதாவது நாள் பதில் வந்தது. முதல் மூன்று கேள்வியும் "தகவல் என்ற வரையறைக்குள் வராது". பத்து வருடக் கணக்குக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லியிருந்தார்கள். ஏமாற்றுகிறார்கள் என்று கோபம் வந்தது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனேன். படித்துவிட்டு அவர் சொன்னார்: "அவங்க மேல தப்பு இல்லம்மா. ஏன்னு கேட்டா பதில் சொல்ல அவங்க கட்டுப்பட்டவங்க இல்ல. என்ன காகிதம் வச்சிருக்காங்களோ அதைக் கேளு."

சட்டத்தில் தகவல் என்பதற்கு அர்த்தம், அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆவணம், பதிவேடு, கோப்பு, மாதிரி. நமக்காக அவர்கள் புதிதாக யோசித்து விளக்கம் எழுத வேண்டியதில்லை. அதனால் ஒரு வேலை நடந்தால் எந்தெந்தக் காகிதம் பிறக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவர் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வேலைக்கு முன்னால் மதிப்பீடு, அப்புறம் நிர்வாக அனுமதி. வேலை நடக்கும்போது வருகைப் பதிவேடு, இதை எங்கள் பக்கம் என்எம்ஆர் என்பார்கள். ஓவர்சியர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம், எல்லோரும் எம்-புக் என்றுதான் சொல்கிறார்கள். பில் பணம் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் போகிறது. அதில் அளந்தவர் கையெழுத்து ஒன்று, மேல் அதிகாரி சரிபார்த்த கையெழுத்து ஒன்று இருக்கும். பொருள் வாங்கியிருந்தால் ரசீது. தொடக்கம், நடுவில், முடிவு என்று மூன்று கட்டப் புகைப்படம். கடைசியில் பணி முடிவுச் சான்று. இதில் எது இல்லை என்று பதில் வந்தாலும் அதுவே நமக்கு ஒரு தகவல்.

இரண்டாவது மனு ஒரே பக்கம். பலகையில் இருந்த பணி எண்ணைக் குறிப்பிட்டு, அந்த ஒரே பணிக்கு மேலே சொன்ன ஆறேழு ஆவணத்தின் சான்றிட்ட நகல் மட்டும் கேட்டேன். பிரிவு 2(ஜே)-யின்படி அளவுப் புத்தகத்தை நேரில் பார்வையிட ஒரு நாள் ஒதுக்கும்படியும் கேட்டேன். பார்வையிடும் உரிமை இருப்பது நிறையப் பேருக்குத் தெரியவில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, குறிப்பு எடுத்துக்கொள்ளலாம், வேலை நடந்த இடத்தையும் பார்வையிடலாம், பொருளின் மாதிரிகூடக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறாய் என்று யாராவது கேட்டால் பிரிவு 6(2)-ஐக் காட்டுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. தபால் ரசீதையும் ஒப்புகை அட்டையையும் மனு நகலோடு சேர்த்துத் தைத்து வைத்தேன். பிறகு நாள் கணக்குப் பார்க்க அதுதான் உதவியது.

முப்பது நாள் ஆகியும் பதில் இல்லை. அது எனக்கு நல்லதாகவே முடிந்தது. கெடு தாண்டினால் பிரிவு 7(6)-இன்படி நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். முதல் மேல்முறையீட்டில் அதையும், தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தகவல் அலுவலரின் சொந்தப் பொறுப்பில் அபராதம் விதிக்கப் பிரிவு 20-இல் இடமிருப்பதையும் எழுதினேன். மூன்று வாரத்தில் பார்வையிட வரச்சொல்லிக் கடிதம் வந்தது.

காத்திருந்த நாட்களை வீணாக்கவில்லை. நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேடு இணையத்திலேயே இருந்தது. மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, பணி என்று உள்ளே போனால் யார் பெயரில் எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று வரும். அக்கா மகன் போனில் எடுத்துக் கொடுத்தான், நான் நோட்டில் எழுதினேன். பிறகு நானும் பெரியத்தையும் வீடு வீடாகப் போய் பாஸ்புக் கேட்டோம். முப்பத்தொரு வீடு. ஒரு வருடமாக வரவு பதியாத புத்தகங்களை எடுத்துக்கொண்டு வங்கிக்கும் நடந்தோம். காலனிக்குள் நான் உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்து பதினேழு வருடம் ஆகியிருந்தது.

பதிவேடும் பாஸ்புக்கும் ஒத்துப் போயின. மூன்று இடத்தில்தான் வித்தியாசம். இரண்டு பேருக்கு ஒரே பெயர், நாட்கள் மாறிப் பதிந்திருந்தது. ஒருவருக்கு ஆதார் இணைப்பில் சிக்கல், பணம் திரும்பிப் போயிருந்தது. வேலைக்கு வராதவர் பெயர் ஒன்றுகூட இல்லை. கூலி நேராகத் தொழிலாளியின் கணக்குக்குத்தான் போகிறது. பொறுப்பாளர் பெண் வருகை போடலாம், பணத்தைத் தொட முடியாது. அவள் திருட வேண்டுமென்றால் வராதவரை வந்ததாக எழுதி, அந்தக் கணக்கு வைத்திருப்பவரோடு பங்கு பேச வேண்டும். அப்படி நடந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. கூலி குறைந்ததற்குக்கூட அவள்மேல்தான் கோபப்பட்டிருந்தோம். அந்த வருடம் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி 224 ரூபாய், எங்கள் பெண்கள் கைக்கு வந்தது நூற்று எழுபது, நூற்று எண்பது. வெட்டிய மண்ணை ஓவர்சியர் அளந்து, அந்த அளவுக்குத்தான் கூலி போடுகிறார்கள் என்பது அந்தப் பாஸ்புக்குகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அரசாங்கப் பலகை பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்கக் கிளம்பிய நான், ஊர் சொன்ன பொய்யைக் கேள்வி கேட்காமல் சுமந்திருக்கிறேன். ஆபீஸ்காரர் சொன்னால் காகிதம் காட்டு என்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் காகிதம் வேண்டியதில்லை. மேலே இருப்பவரைக் கேட்கத் தயங்கி, கீழே இருப்பவள் தலையில் கட்டிவிட்டோம்.

அளவுப் புத்தகம் பார்க்க மூன்று பெண்களாகப் போனோம். அந்தப் பிரிவில் இருந்த எழுத்தர் மரியாதையாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார். எல்லா அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், அவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது. புத்தகத்தில் படித்துறை இருந்தது. ஒன்பது மீட்டர் நீளம், பதினொரு படி, கல் இவ்வளவு, சிமெண்ட் இவ்வளவு. அளந்த கையெழுத்தும், சரிபார்த்த கையெழுத்தும் ஒரே தேதியில். பொருளுக்கான ரசீது, பணம் போன விவரம், முடிவுச் சான்று எல்லாம் வரிசையாக இருந்தன. மூன்றாவது கட்டப் புகைப்படத்தில் அழகான படித்துறை ஒன்று. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம ஊரணி இல்லடி. நம்ம கரையில பனமரம் ஏது?" என்றார். படத்தில் படிக்குப் பின்னால் மூன்று பனைகள் நின்றன. எங்கள் கரையில் இருப்பது ஓர் அரசமரமும் பிள்ளையாரும்தான்.

தணிக்கை முடிந்துவிட்டது என்று சொன்னதும் பொய்யில்லை. நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே, பிரிவு 17-இல், கிராம சபை மூலம் நடக்கும் சமூகத் தணிக்கை இருந்தது. தணிக்கை அறிக்கையையும் கேட்டு வாங்கினோம். பொருள் செலவுக்கு எதிரே "பதிவேடுகள் சரிபார்க்கப்பட்டன" என்று இருந்தது. ரசீதும் எம்-புக்கும் ஒத்துப்போகின்றன, எம்-புக்கும் சான்றும் ஒத்துப்போகின்றன. காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். யாரும் கரைக்கு வந்து பார்க்கவில்லை. அந்த ஒரு வேலையை ஊரில் குடியிருப்பவர்தான் செய்ய முடியும்.

கொத்தனார் அண்ணனிடம் முப்பது மீட்டர் டேப் வாங்கி கரையை அளந்தோம், தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்தோம். மண் வேலையிலும் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஐப்பசி மழையில் ஊரணி நிறைந்துவிட்டது, வெட்டிய ஆழத்தை இனி யாரும் அளக்க முடியாது. குழிக்கு நடுவே சாட்சியாக விட்டுவைக்கிற மண்மேட்டையும் எடுத்திருந்தார்கள். அந்தப் பகுதியை விட்டுவிட்டோம். நிரூபிக்க முடியாததையும் சேர்த்து எழுதினால் நிரூபிக்க முடிந்ததும் பலவீனமாகிவிடும். மண் வேலையைக் கேள்வி கேட்பதாக இருந்தால் கோடையிலேயே கேட்டுவிடுங்கள்.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். ஊழல், கொள்ளை என்ற வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. பதிவேட்டில் இப்படி இருக்கிறது, தரையில் இப்படி இருக்கிறது, வந்து அளந்து பாருங்கள், அவ்வளவுதான். இணைப்புகளுக்குப் பக்க எண் போட்டு, மனு எண்ணுள்ள ரசீது வாங்கிக்கொண்டோம்.

அதற்கப்புறம்தான் அழுத்தம் வந்தது. என் வீட்டுக்காரருக்குப் போன் வந்தது. சொந்தத்தில் ஒரு மாமா வந்து, "ஊர்ப் பேரு கெட்டுப்போகும், பொம்பளப் புள்ள ஒனக்கு எதுக்கு இது" என்றார். பயமாகத்தான் இருந்தது. தகவல் கேட்டதற்காக இந்த நாட்டில் உயிரையே இழந்தவர்கள் உண்டு. 2010 ஜனவரியில் புனே பக்கம் சதீஷ் ஷெட்டி, அதே வருடம் ஜூலையில் அகமதாபாத்தில் அமித் ஜேத்வா. முறைகேட்டை வெளியே சொல்கிறவர்களைக் காப்பாற்ற 2014-இல் சட்டம் போட்டார்கள், அதை இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. எங்களுக்கு நாங்களே பாதுகாப்பு தேடிக்கொண்டோம். அடுத்த மனுக்களைப் பதினொரு பெண்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். மூன்று வீட்டில் நகல் வைத்தோம். தனியாக யாரும் அலுவலகத்துக்குப் போகவில்லை. நான் ஒருத்தி வாயை மூடினாலும் விஷயம் நிற்காது என்று தெரிந்த பிறகு போன் வருவது நின்றது.

அந்தச் சமயத்தில்தான் ராஜஸ்தான் கதையைப் பெரியவர் சொன்னார். 1990-இல் அங்கே அருணா ராய், நிகில் தே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து மக்களோடு சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். பஞ்ச நிவாரண வேலைக்குக் கூலி சரியாகக் கிடைக்காதவர்கள் அதில் நிறைய. 1994 டிசம்பர் 2-ஆம் தேதி கோட் கிரானா என்ற ஊரில் அலுவலகக் கணக்கை ஊர் நடுவே சத்தமாக வாசித்தார்கள், மக்கள் எழுந்து எழுந்து எது உண்மை எது பொய் என்று சொன்னார்கள். 1996-இல் பியாவர் நகரத்தில் நாற்பது நாள் உட்கார்ந்து போராடினார்கள். "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்கள் முழக்கம். நம் தமிழ்நாட்டில் 1997-லேயே தகவல் உரிமைச் சட்டம் வந்தது, நாட்டிலேயே முதல் மாநிலம் நாம்தான். ஆனால் மறுப்பதற்கு அதில் நிறைய விதிவிலக்கு இருந்தது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத்துக்கு வேகம் கொடுத்ததில் அந்த ராஜஸ்தான் கூலிக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைக் கேட்டதும் நாமும் வாசிப்போம் என்று தோன்றியது.

2019 ஜனவரி 26 கிராம சபையில் வாசித்தோம். வாசித்ததைத் தீர்மானப் பதிவேட்டில் ஏற்றும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை. பேச்சு காற்றோடு போய்விடும், தீர்மானத்துக்கு எண் உண்டு.

மாசியில் கல் லாரி வந்தது. மூன்று வாரத்தில் படித்துறை கட்டினார்கள். அளந்தோம், ஏழரை மீட்டர். மனுவுக்கு வந்த பதில்: "பணி தற்போது முழுமையாக நிறைவுற்றுள்ளது." போன வருடமே முடிந்ததாகக் கையெழுத்துப் போட்டவர்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதைத் தனியாகக் கேட்டேன், விசாரணை நிலுவையில் இருக்கிறது என்றார்கள். தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு போனேன், விசாரணைக்கு நாள் வரவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கையெழுத்துகளுக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை. படி கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இல்லாத ஒன்றை அளந்து சரிபார்த்ததாக எழுதிய கை, நாளை அடுத்த ஊரில் அளக்கப் போகும்.

இனிமேல் கேட்கப்போகிறவர்களுக்கு ஒன்று. தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது இப்போது சுலபமாகியிருக்கிறது. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் பிரிவு 8(1)(ஜே)-யைச் சுருக்கி, பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று முன்பு அங்கே இருந்த வரியை எடுத்துவிட்டது. பெயர்ப் பட்டியலை மறுத்தால் பிரிவு 8(2)-ஐ எழுதுங்கள். பொதுநலன் பெரிது என்றால் விலக்கு பெற்ற தகவலையும் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது, அதை இன்னும் எடுக்கவில்லை.

ஜனவரி 26 அன்று நான் முதலில் வாசித்தது படித்துறைக் கணக்கை இல்லை. முப்பத்தொரு பாஸ்புக்கையும் பதிவேட்டையும் பெயர் பெயராக வாசித்தேன். ஒவ்வொருவரையும் கேட்டேன், "நாள் சரியா, பணம் வந்துச்சா?" சரி, சரி என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கம்மலைப் பற்றிப் பேசியவர்களும் சொன்னார்கள். அந்தப் பொறுப்பாளர் பெண் அப்போது ஊரில் இல்லை. பேச்சுத் தாங்காமல் கார்த்திகையிலேயே வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தாள். அவள் அம்மா கூட்டத்துக்குப் பின்னால், அரசமரத்து வேரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். "தாயி, வாசிச்சீங்கள்ல, அந்தத் தாளு ஒண்ணு கிடைக்குமா? புள்ளைக்கு அனுப்பணும்."

பஸ் ஸ்டாப் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஏழு பக்கம். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார், விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடம் கசங்காதபடி பார்த்து மடித்து, சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டார்.